கடலோரக் குடில்: உப்பும் ஓதமும் கழிப்பறையும்

நியூசிலாந்தின் தென் தீவில், வடமுனையை ஒட்டி, ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் கரையோரமாக 60 கிலோமீட்டருக்கு ஒரு நடைபாதை போகிறது. பொன்னிற மணல் விரிந்த குடாக்கள், இடையிடையே காடு, மறுபடி கடல். பாதி வழி தாண்டியதும் அவரோவா என்ற கழிமுகம் குறுக்கே வரும். பாலம் கிடையாது, சுற்றுவழியும் கிடையாது. ஓதம் இறங்கி, அதாவது கடல் வற்றி நிற்கும்போது, சேற்றுமணலில் நடந்துதான் அக்கரை சேர வேண்டும். வற்றம் அடிமட்டத்தைத் தொடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலிருந்து, தொட்டபின் இரண்டு மணி நேரம் வரை வழி திறந்திருக்கும். மற்ற நேரத்தில் அங்கே நடைபாதை இல்லை, கடல்தான் இருக்கிறது.

அந்தக் கழிமுகத்தின் கரையில் நடைபயணிகளுக்கான அரசுக் குடில் ஒன்று நிற்கிறது. வற்றம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இந்த வாரம் விடிவதற்கு முன்பே எழுந்து கிளம்பும் கூட்டம், அடுத்த வாரம் மதியம் வரை குடிலிலேயே உட்கார்ந்திருக்கும். வடக்கிலிருந்து வருகிறவர்கள் ஒருநாள் காலையிலும் இன்னொரு நாள் இருட்டிய பிறகு நெற்றி விளக்கோடும் வந்து சேர்வார்கள். ஊர் விடுதியில் இருக்கும் ‘வரும் நேரம், போகும் நேரம்’ என்ற ஒழுங்கு இங்கே செல்லாது. இப்படிப்பட்ட இடத்தில் குடில் கட்டுகிறவருக்கு முதலில் எழும் கேள்வியே, நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறவரின் பாத்திரச் சத்தம் ஆறு மணி வரை தூங்க நினைப்பவரை எழுப்பாமல் இருக்கச் சமையல் கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் நடுவே என்ன வைப்பது என்பதுதான்.

கடலோரக் குடில்கள் என்று தேடினால் இணையத்தில் வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வெளியே அலை, உள்ளே கம்பளி போர்த்திய ஒருவர் கையில் கோப்பையோடு. அந்தப் படங்களில் கழிப்பறை வராது. தண்ணீர்த் தொட்டி வராது. குடிலுக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை கருவிப்பையோடு வந்துபோகும் பராமரிப்பு ஆளும் வரமாட்டார். ஆனால் இவ்வகைக் கட்டடத்தின் வடிவத்தில் பெரும்பகுதியை முடிவு செய்வது அவர்தான் என்று நினைக்கிறேன்: அவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வர முடியும், வரும்போது எதைத் தூக்கி வருவார், போகும்போது எதைத் தூக்கிப் போவார்.

மான் வேட்டைக்காரர்களின் வாரிசு

நியூசிலாந்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், குடில் கட்டுவதில் அந்த நாட்டுக்கு இருக்கும் நீண்ட பழக்கம். 1987இல் உருவான அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை இன்று 950க்கும் மேற்பட்ட குடில்களைப் பராமரிக்கிறது. இவற்றில் பல சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகி மலைக்காடுகளை மேய்ந்து அழித்தன. அவற்றைச் சுட அரசு சம்பளத்துக்கு ஆள் வைத்தது. அந்த வேட்டைக்காரர்கள் தங்குவதற்காக, 1950களின் பிற்பகுதியிலிருந்து வனத்துறை நூற்றுக்கணக்கான குடில்களைக் கட்டியது. நான்கு பேருக்கு ஒரு வரைபடம், ஆறு பேருக்கு ஒரு வரைபடம். அளவெடுத்து நறுக்கிய மரமும் தகரமும் விமானத்திலிருந்து கீழே போடப்பட்டன. கட்டடக் கலைஞர் யாரும் அங்கே போய்க் காட்சியை ரசித்து வரைந்தது கிடையாது. இன்றைக்கும் அந்தக் குடில்களில் ஒரு ஜன்னல் உடைந்தால் எந்த அளவுக் கண்ணாடி வேண்டும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடலாம் என்பது அந்த ஒரே வரைபடத்தின் லாபம்.

கடலோரத்தில் இந்தப் பரம்பரையின் சாயலோடு வேறு சிலதும் சேர்ந்திருக்கின்றன. ஏபல் டாஸ்மன் பாதையின் வடகோடியில் இருக்கும் வாரிவாரங்கிக் குடில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய ஒரு பண்ணைவீடு. ஆங்கரேஜ் குடாவில் உள்ளது 2013இல் எழுந்த புதுக்கட்டடம், 34 படுக்கைகள். தெற்கே ஸ்டூவர்ட் தீவில், 32 கிலோமீட்டர் ராகியூரா பாதையில், கடலைப் பார்த்தபடி இரண்டு குடில்கள், ஒவ்வொன்றிலும் 24 படுக்கைகள்.

இந்தத் துறையின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி குடிலில் நடந்ததல்ல. 1995 ஏப்ரல் 28 அன்று, மேற்குக் கரையில் உள்ள பாப்பரோவா தேசியப் பூங்காவில், கேவ் கிரீக் என்ற இடத்தில் பள்ளத்தின் மேல் நீட்டிக் கட்டியிருந்த மரப் பார்வைமேடை ஒன்று சரிந்து விழுந்தது. 13 மாணவர்களும் துறையின் ஊழியர் ஒருவருமாக 14 பேர் இறந்தார்கள். விசாரணை ஆணையம் தோண்டியபோது தெரிந்தது: போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்திருந்தார்கள். தகுதிபெற்ற பொறியாளர் யாரும் வடிவமைப்பைப் பார்க்கவில்லை. கட்டட அனுமதி வாங்கப்படவில்லை. மேடை சின்னது, காட்டுக்குள் இருக்கிறது, நம் ஆட்களே கட்டிவிடுவார்கள் என்ற நினைப்புதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. துறைக்குப் போதிய பணம் கொடுக்கப்படாததையும் ஆணையம் சுட்டியது. பொறுப்பு அமைச்சர் அடுத்த ஆண்டு பதவி விலகினார்.

அதன் பிறகு நாடு முழுவதும் பாலங்கள், மேடைகள், குடில்கள் எல்லாம் பரிசோதனைக்கு உள்ளாயின. இன்று அந்நாட்டுத் தொங்குபாலங்களில் ‘ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும்’ என்று எழுதியிருக்கும் பலகையைச் சுற்றுலாப் பயணிகள் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிரிக்கிற விஷயம் இல்லை. ‘சின்னக் கட்டடம்தானே’ என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பு போய்விட்டது.

மழை படாத இடத்தில்தான் துரு

கடலோரக் கட்டடத்தின் முதல் எதிரி உப்பு. பெசன்ட் நகரில் வீடு வைத்திருப்பவரிடம் ஏசி வெளிப்பெட்டியும் ஜன்னல் கம்பியும் எத்தனை வருஷம் தாங்குகின்றன என்று கேட்டால் இந்தப் பகுதியை நான் எழுதவே வேண்டியதில்லை. ஆனால் உப்பு வேலை செய்யும் விதத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மழையில் நனையும் கூரைத் தகரம் நன்றாகவே இருக்கும். துருப்பிடிப்பது கூரை விளிம்புக்குக் கீழே, திண்ணைக்கு மேலே, தரைப்பலகைக்கு அடியில். காற்றில் வரும் உப்புத் துகள் எல்லா இடத்திலும் படிகிறது. மழை படும் இடத்தில் அது கழுவப்பட்டுவிடும், மழை படாத இடத்தில் மேலும் மேலும் சேரும். ஈரக்காற்றிலிருந்து உப்பு நீரை இழுத்துக்கொண்டு, உலோகத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலத்தை வைத்திருக்கும்.

வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பாக நீளமான கூரை விளிம்பு வைப்பது நல்ல கட்டடத்தின் அடையாளம் என்று நாம் படித்திருக்கிறோம். அலைச்சாரல் வரும் கரையில் அதே விளிம்பு, மூட்டுகளை மழையிடமிருந்து காப்பாற்றி உப்பிடம் ஒப்படைக்கிறது.

நியூசிலாந்தின் மரவீட்டுத் தரநிலை இதை மண்டலம் மண்டலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருப்பதும், கழிமுகம் அல்லது அலையடங்கிய உள்வாய்களிலிருந்து 100 மீட்டருக்குள் இருப்பதும் கடுமையான ‘டி’ மண்டலம். ஸ்டூவர்ட் தீவு முழுவதும், நடுக்காடு உட்பட, அதே மண்டலம்தான். அங்கே ஆணி, கொக்கி, இணைப்புத் தகடு எல்லாவற்றையும் எந்த உலோகத்தில் வாங்குவது என்பதை மூன்று நிலை பார்த்து முடிவு செய்கிறார்கள்: சுவருக்குள் மூடி இருப்பது, மழையில் கழுவப்படுவது, காற்று படும் ஆனால் மழை படாதது. மூன்றாவதுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அவசியம்.

இதோடு மரமும் சேர்ந்து விளையாடும். கரையான், பூஞ்சை தாக்காமல் இருக்கப் பைன் மரத்தில் செம்பு கலந்த மருந்தை அழுத்தி ஏற்றுவது வழக்கம். ஈரமான மரத்தில் அந்தச் செம்பு, துத்தநாகம் பூசிய ஆணியைத் தின்னும். வெளியே உப்பு, உள்ளே செம்பு, நடுவே ஆணி. ஆணியின் தலை பளபளவென்று இருக்கும், மரத்துக்குள் இருக்கும் தண்டு பென்சில் முனை போல மெலிந்திருக்கும். பரிசோதிக்க வருகிறவர் கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. பணம் மிச்சம் பிடிக்க ஆயிரம் இடம் இருக்கிறது என்றாலும் இந்தப் போல்ட்டுகளில் கை வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

விறகு அடுப்பிலும் உப்பு வந்து உட்காரும். கரையில் ஒதுங்கிய கட்டைகள் சும்மா கிடக்கும்போது எந்த நடைபயணியும் குடிலின் விறகுக் கொட்டகைக்குப் போகமாட்டார். கடலில் ஊறிய கட்டையை எரித்தால் உப்பிலிருக்கும் குளோரின் புகையோடு கிளம்பி, அடுப்பின் இரும்பையும் புகைபோக்கியையும் அரிக்கும். ‘கடற்கட்டையை எரிக்காதீர்கள்’ என்று அறிவிப்புப் பலகை வைக்கலாம். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தவர் பலகையைப் படிப்பாரா என்பது வேறு கதை. விறகுக் கொட்டகையைக் கடற்கரைக்குப் போகும் வழியை விடக் கதவுக்குப் பக்கத்தில் வைப்பது பலகையை விட நன்றாக வேலை செய்யும்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற கண்ணாடிச் சுவர். ஒரு புயல் அடித்து ஓய்ந்ததும் கடலைப் பார்த்த கண்ணாடியில் உப்பு காய்ந்து பால் போல வெளுத்துவிடும். அடுத்த மழை சாய்ந்து அடித்துக் கழுவும் வரை, அல்லது பராமரிப்பு ஆள் வரும் வரை, காட்சி இல்லை. நெஞ்சு உயரத்தில் கை எட்டும் அளவுக்கு இரண்டு ஜன்னல் இருந்தால், தங்கியிருப்பவரே ஒரு வாளி நீரில் துடைத்துக்கொள்வார். பறவைகளும் பெரிய கண்ணாடியில் மோதிச் சாகாமல் இருக்கும்.

காற்றுக்கு எடை தெரியும்

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். வினாடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 98 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். கூரையின் மேல் அது இழுப்பாக மாறும். 20 சதுர மீட்டர்க் கூரை என்றால் கிட்டத்தட்ட இரண்டு டன் மேல்நோக்கி இழுக்கிறது. மரச்சட்டமும் தகரமும் சேர்ந்த கூரையின் சொந்த எடை அதில் கால் பங்கு இருந்தால் பெரிது. ஆகவே இந்தக் கூரையை ‘தாங்குவது’ சிறிய வேலை, கீழே பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை. கூரையிலிருந்து சுவர், சுவரிலிருந்து தரைச்சட்டம், அங்கிருந்து மண்ணில் ஊன்றிய மரத்தூண் என்று ஒரு சங்கிலி அறுபடாமல் போக வேண்டும். முன்னே சொன்ன துருப்பிடித்த ஆணி இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது.

கனமாகக் கட்டிவிட்டால் என்ன என்று கேட்கலாம். சாலை இல்லாத இடத்துக்குப் பொருள் ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு வருகிறது. மலைப்பகுதிகளில் வழக்கமாகப் பறக்கும் சிறிய ஹெலிகாப்டர் ஒரு தடவைக்கு ஒரு டன்னுக்குள்தான் தூக்கும், பறக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. ஏபல் டாஸ்மன் போன்ற அமைதியான குடாக்களில் தட்டைப் படகில் இறக்கலாம். திறந்த கடலைப் பார்த்த கரையில் அதுவும் முடியாது. கான்கிரீட் குறைகிறது, சட்டங்கள் தூக்கும் அளவுக்கு முன்பே வெட்டித் தொகுக்கப்படுகின்றன, கட்டடம் லேசாகிறது, லேசானதால் பிடிப்பு இன்னும் முக்கியமாகிறது. இது ஒரு வட்டம்.

நார்வேயின் வடகோடியில் உள்ள ஹாம்மர்ஃபெஸ்ட் ஊரில் 2018இல் ஊருக்கு மேலுள்ள குன்றில் நிறுவிய சின்னக் குடில் இந்த வட்டத்துக்கு வேறொரு விடை தேடியது. ஸ்பின் என்ற கட்டடக் கலைஞர் குழுவும் ஃபார்மட் என்ற பொறியியல் நிறுவனமும் சேர்ந்து, காற்றும் பனியும் எப்படிச் சுற்றிப்போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, கூழாங்கல் மாதிரி முனையில்லாத ஒரு வடிவத்துக்கு வந்தார்கள். குறுக்கும் நெடுக்கும் அடுக்கி ஒட்டிய மரப்பலகைத் துண்டுகள் 77. எல்லாம் வெவ்வேறு வடிவம். பார்க்க அழகு, காற்றும் வழுக்கிப்போகும். ஒரே ஒரு கேள்வி எனக்கு உண்டு. அதில் ஒரு துண்டு கெட்டுப்போனால் அதே மாதிரி இன்னொன்றை அறுக்க அந்தக் கணினிக்கோப்பு தேவைப்படும். மான் வேட்டைக்காரர் குடிலில் ஒரு பலகை கெட்டால் கடையில் கிடைக்கும். ஊருக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதாலும், இரவு தங்காத பகல்நேர ஒதுங்கிடம் என்பதாலும் ஹாம்மர்ஃபெஸ்ட்டுக்கு அது சரிப்படும். ஸ்டூவர்ட் தீவின் உட்பகுதிக்குச் சரிப்படாது.

இடம் தேர்வதைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு நகரலாம். காட்சி நன்றாக இருக்கும் மேட்டு நுனியில்தான் காற்றும் வேகமெடுக்கும். முப்பது நாற்பது மீட்டர் பின்வாங்கி, மணல்மேட்டுக்கோ புதருக்கோ பின்னால் குடிலை வைத்து, நுனியில் ஒரு மரப்பெஞ்சு போட்டால் போதும். பெஞ்சுக்குக் கூரை தேவையில்லை.

தண்ணீர் வரும் கணக்கு, மலம் போகும் கணக்கு

கடலோர மணலில் கிணறு தோண்டினால் உப்புநீர் ஏறும். ஓடைகள் எல்லா இடத்திலும் இல்லை. பெரும்பாலான குடில்களுக்குக் கூரைதான் கிணறு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். கூரை 150 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 10 மி.மீ. மழை 1,500 லிட்டர். 34 பேர் தங்கும் இடத்தில் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டால் நாளுக்கு 170 லிட்டர் போகும். அந்த ஒரு மழை ஒன்பது நாளைக்குக்கூட வராது. ஒரு மாதம் மழை பொய்த்தால் தாக்குப்பிடிக்க 5,000 லிட்டருக்கு மேல் தொட்டி வேண்டும். ஆக, படுக்கை எண்ணிக்கை, கூரைப்பரப்பு, தொட்டி அளவு மூன்றும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ‘இன்னும் ஆறு பேருக்குப் படுக்கை போடலாமே’ என்று சொல்கிறவர் கூரையையும் நீட்டச் சொல்கிறார்.

கூரையில் விழுவது மழை மட்டும் இல்லை. கடற்பறவை எச்சமும் காற்றடித்த உப்பும் சேர்ந்து வரும். முதலில் ஓடிவரும் அழுக்குநீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே தள்ளும் குழாய் அமைப்பு மலிவானது, ஆனால் அதன் அடியில் சேரும் சகதியை யாராவது திறந்துவிட வேண்டும். திரும்பவும் அந்தப் பராமரிப்பு ஆள்.

கழிப்பறைதான் செலவு. மணல்மேட்டுப் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். குழி தோண்டினால் கழிவு நேராகக் கடற்கரைக்குக் கசியும், அதே கரையில் மறுநாள் காலை பத்துப் பேர் குளிப்பார்கள். எனவே கழிவை மூடிய தொட்டியில் பிடித்துவைத்து, நிரம்பியதும் ஹெலிகாப்டரிலோ படகிலோ வெளியே அனுப்புவது நியூசிலாந்தின் பல குடில்களில் நடைமுறை. ஒருவர் நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 34 பேர் நிறைந்த குடிலில் 50 லிட்டர் சேரும். ஐந்து மாதப் பருவம் முழுக்க நிரம்பி வழிந்தால் 7,500 லிட்டர், ஏழரை டன். ஒரு நடைக்கு எண்ணூறு கிலோ என்றால் ஒன்பது பத்து நடை ஹெலிகாப்டர். பயணிகள் சுமந்து வந்த உணவுப்பொட்டலங்கள் வேறு வடிவத்தில் விமானமேறுகின்றன. சிறுநீரைத் தனியே பிரித்து மண்ணுக்குள் பரவவிட்டால் எடை சட்டென்று குறையும் என்பதால், பிரிக்கும் அமைப்புக்கு இப்போது ஆர்வம் அதிகம். அதைக் கழுவிப் பராமரிப்பது எளிதல்ல.

ஏபல் டாஸ்மனில் இன்னொரு சிக்கலும் உண்டு. மாராகாவ், கைடெரிடெரி ஊர்களிலிருந்து தண்ணீர் டாக்சிகள் குடாக்குடாவாக ஆட்களை இறக்கிவிடுகின்றன. குடிலில் முன்பதிவு செய்தவர் 34 பேர், ஆனால் கழிப்பறையைத் தேடி வருபவர்கள் அவர்கள் மட்டுமல்ல. அப்படிப்பட்ட கரையில் கழிப்பறையைக் குடிலின் உறுப்பாக எண்ணாமல் கடற்கரைக்கான பொதுவசதியாக எண்ணித் தனியாக, தாராளமாகக் கட்ட வேண்டும்.

உள்ளே

தூங்கும் மனிதர் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவி வெளியேறுகிறது. 24 பேர், எட்டு மணி நேரம்: ஏழு எட்டு லிட்டர் நீர் விடிவதற்குள் காற்றில் கலந்திருக்கும். அதோடு நனைந்த மழைக்கோட்டு, சாக்ஸ், கொதிக்கும் பாத்திரம். மூடிவைத்த அறையில் இதெல்லாம் குளிர்ந்த கூரைத் தகரத்தின் அடியில் முத்துமுத்தாகக் கோர்த்து மேல்படுக்கைக்காரர் முகத்தில் சொட்டும். காற்றோட்டம் வேண்டும். ஜன்னலைத் திறந்தால் அந்நாட்டுக் கரைகளின் பெயர்பெற்ற சேண்ட்ஃபிளை உள்ளே வரும். கொசுவை விடச் சின்னது, சத்தமில்லாமல் வரும், கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும். நெருக்கமான வலையடித்த, மழைக்கு மறைவான, தங்குபவர் இழுத்து மூடவே முடியாத காற்றுத்துளைகள் சுவரின் அடியிலும் உச்சியிலும் இருப்பது இதற்கு மருந்து. மூட முடிந்தால் முதல் குளிர்ந்த இரவிலேயே யாராவது துணியை அடைத்துவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி திண்ணை. கூரையிட்ட, அகலமான, காற்று மறைவுப் பக்கத்துத் திண்ணை. சேற்றுக் காலணி அங்கே கழன்றால் தரை நாறாது, நனைந்த துணி அங்கே சொட்டினால் அறை ஈரமாகாது. ஏழு மணிக்கு வந்து சேர்பவர் தூங்குகிறவர்களை எழுப்பாமல் மூட்டையைப் பிரிக்கலாம். ஒரே எச்சரிக்கை, காலணியை ஆணியில் தொங்கவிட இடம் வேண்டும். அந்தக் கரையோரம் வேகா என்ற பறக்காத பறவை திரிகிறது. கோழி அளவு, வெட்கமே இல்லாத திருடன். ஒற்றைக் காலணியோடு மீதி 30 கிலோமீட்டரை நடப்பது கஷ்டம்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்டூவர்ட் தீவைச் சுற்றி வளையில் முட்டையிடும் கடற்பறவைகள் ஏராளம், இரவில் கரைக்குத் திரும்பும் அவை வெளிச்சத்தால் திசை தடுமாறும். மங்கலான, கீழ்நோக்கிய, தானாக அணையும் விளக்கு போதும்.

மற்றவர்கள் விட்டுவிட்டவை

ஒரு குடிலைப் புரிந்துகொள்ள அதில் என்ன இல்லை என்று பார்ப்பது நல்ல வழி. ஸ்காட்லாந்தில் 1965இல் தொடங்கிய மலைக்குடில் சங்கம், கைவிடப்பட்ட மேய்ப்பர் வீடுகள், பண்ணைவீடுகள் என்று நூறு அளவிலான பழைய கட்டடங்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு பழுதுபார்த்து வைத்திருக்கிறது. கட்டடங்கள் பெரும்பாலும் நிலக்கிழார்களுடையவை. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை, பெரும்பாலானவற்றில் கழிப்பறையும் இல்லை. ஒரு மண்வெட்டி இருக்கும். ஸ்கை தீவின் வடமுனையில், ரூபா ஹுனிஷ் என்ற இடத்தில், 1928இல் கட்டிய கடலோரக் காவல் கண்காணிப்பு அறை ஒன்று இந்தச் சங்கத்தின் கையில் இருக்கிறது. கப்பலைப் பார்க்கக் கட்டியதால் பாறை உச்சியில், காற்றின் வாயிலேயே நிற்கிறது. புதிதாகக் கட்டுகிற யாரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். ஏற்கெனவே நிற்கிறது என்பதுதான் அதன் தகுதி, மூன்று பக்கமும் கடல் தெரியும் ஜன்னல்கள் அதற்குக் கிடைத்த கூலி. ஆறு பேரோ அதற்கு மேலோ கூட்டமாக வராதீர்கள் என்கிறது சங்கத்தின் நெறிமுறை. மண்வெட்டிக் கணக்கு அதற்கு மேல் தாங்காது.

டென்மார்க் கதவையே விட்டுவிட்டது. அந்நாட்டின் கரையோரங்களில் மூன்று பக்கம் மரச்சுவர், சாய்வுக் கூரை, நான்காவது பக்கம் திறப்பு என்ற எளிய தங்கிடங்கள் பரவலாக உள்ளன. தென் ஃபியூன் தீவுக்கூட்டத்தில் லூமோ என்ற கட்டடக் கலைஞர் நிறுவனம் வடிவமைத்தவை இவற்றில் கொஞ்சம் அலங்காரமானவை: பிடித்த மீனை உயிரோடு வைக்க மீனவர்கள் நீரில் மிதக்கவிட்ட பழைய மரப்பெட்டிகளின் சாயல், கறுப்பு மரச்செதில், வட்டமான சின்னத் துளைகள். கதவு இல்லாததால் காற்றோட்டப் பிரச்சினை இல்லை, மரம் சீக்கிரம் உலரும், அடுப்பு வைக்கும் எண்ணமே எழாது, யாரும் ஒரு மாதம் குடியேறவும் முடியாது. ஊர் எங்கும் எட்டும் தூரத்தில் இருக்கும், மலையே இல்லாத நாட்டுக்கு இது பொருத்தம். ராகியூராவில் இதே பெட்டியை வைத்தால் முதல் நாளே சேண்ட்ஃபிளை ஆளைத் தூக்கிப்போகும்.

மறுகோடியில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. அங்கே 2015 டிசம்பரில் திறந்த த்ரீ கேப்ஸ் பாதையில், 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறைகளின் மேல், நான்கு நாள் நடை. ஜாஸ் நிறுவனம் வடிவமைத்த மூன்று குடில்தொகுதிகளில் மெத்தை, எரிவாயு அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு, கூடவே தங்கும் வனக்காவலரும் உண்டு. ஒருவருக்கு 500 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டணம். பணக்காரர்களுக்கான காடு என்று உள்ளூரில் எழுந்த குறையை நான் ஒதுக்கித்தள்ளமாட்டேன். ஆனால் அதன் திட்டத்தில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நாளுக்கு 48 பேர், ஒரே திசை, ஒவ்வோர் இடத்திலும் ஒரே இரவு. அதனால் எத்தனை லிட்டர் நீர், எத்தனை சிலிண்டர், எத்தனை கிலோ கழிவு என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். அவரோவாவில் ஓதம் கலைத்துப்போடும் ஒழுங்கை டாஸ்மேனியாவில் நுழைவுச்சீட்டு கட்டிக்கொடுக்கிறது. ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல் பல சிறு கூடங்களைப் பலகைப்பாதையால் இணைத்திருப்பதால் அடியிலுள்ள செடிகளும் நீரோட்டமும் அதிகம் குலையவில்லை.

எத்தனை வருஷத்துக்கு?

நியூசிலாந்துக் கட்டட விதி பொதுவாகத் தாங்குசட்டம் 50 ஆண்டு, எளிதில் மாற்ற முடியாத வெளிப்போர்வை 15 ஆண்டு, சுலபமாக மாற்றக்கூடியவை 5 ஆண்டு நிலைக்க வேண்டும் என்கிறது. கடலோரத்தில் இப்போது முதல் எண் கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2018 பிப்ரவரி 1 அன்று ஃபெஹி புயல் மிக உயர்ந்த ஓத ஏற்றத்தோடு சேர்ந்து வந்தபோது நெல்சன், டாஸ்மன் கரைகளில் கடல் சாலைக்கும் வீடுகளுக்கும் ஏறியது. மணல்மேடு இருபது வருஷத்தில் எங்கே நிற்கும் என்று தெரியாத இடத்தில் 50 ஆண்டுக்கு ஆணியடிப்பதில் அர்த்தம் குறைவு.

அந்நாட்டின் 2004 கட்டடச் சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ‘இந்தக் கட்டடம் இத்தனை ஆண்டுக்கு மட்டும்’ என்று 50க்குக் குறைவான ஆயுளை அறிவித்து அனுமதி வாங்கலாம், முடிவில் அகற்றவோ மாற்றவோ வேண்டும். இந்த வழியைப் பிடித்தால் வரைபடமே மாறும். கான்கிரீட்டுக்குப் பதில் கழற்றி எடுக்கக்கூடிய மரத்தூண் அல்லது திருகுத்தூண். ஹெலிகாப்டர் தூக்கும் எடைக்குள் பிரியும் கூடுகள். ஒட்டுப்பசைக்குப் பதில் போல்ட், அதுவும் இருபது வருஷம் கழித்தும் ஸ்பானருக்கு அசையும் ஸ்டெயின்லெஸ் போல்ட். மறை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மசகு தடவியது. குடிலை இப்படி நூறு மீட்டர் பின்னே நகர்த்திவிடலாம். தொட்டியையும் நகர்த்தலாம். மண்ணில் புதைத்த கழிவுத்தொட்டியும் அதைச் சுற்றி ஊறிய மண்ணும்தான் சிக்கல், கடல் அங்கே வந்து சேர்வதற்கு முன் அவற்றைத் தோண்டி எடுத்தாக வேண்டும். இடம் பார்க்கும்போதே கழிப்பறையைக் குடிலுக்கு முன்னால் கடற்பக்கம் வைக்காமல் பின்னால் மேட்டுப்பக்கம் வைப்பவர், அந்தச் செலவில் பாதியை முதல் நாளே தவிர்த்துவிடுகிறார்.